சான்றிதழ் வேலைகளைக் கிளவுட்டிரெயிலில் கண்காணிக்க ஆவணம் எழுதுகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

கோவை_ஆப்ஸ் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். குழுவில் எட்டுப் பேர், மூன்று ஷிஃப்ட். எங்கள் தளங்கள் எல்லாம் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில் ஓடுகின்றன. தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களை அங்கேயே இருக்கும் சர்டிஃபிகேட் மேனேஜரில், அதாவது ஏசிஎம்மில் வைத்திருக்கிறோம்.

சான்றிதழை யார் கேட்டார், யார் ஏற்றினார், யார் நீக்கினார் என்பதெல்லாம், கணக்கில் நடப்பதைக் குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் சேவையில் பதிவாகிவிடும். அதைப் பார்க்கும் முறையை இரவு ஷிஃப்டில் இருப்பவர்களுக்குத் தமிழில் ஆவணமாக எழுதித் தரச் சொன்னார்கள். ராத்திரி மூன்று மணிக்கு போனில் நாங்கள் பேசிக்கொள்வது தமிழில்தான். ஆவணம் மட்டும் எதற்கு ஆங்கிலத்தில் என்பது எங்கள் எண்ணம்.

அதிகாரப்பூர்வ ஆவணத்தைப் பின்பற்றி ஒரு வரைவு எழுதினேன். ஒவ்வோர் அழைப்புக்கும், அதாவது சேவைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும், ஒரு விளக்கம், ஒரு மாதிரிப் பதிவு. ரிக்வெஸ்ட் சர்டிஃபிகேட், இம்போர்ட் சர்டிஃபிகேட், டெலீட் சர்டிஃபிகேட் என்று வரிசையாக 14 பக்கம் வந்துவிட்டது. போன மாதம் சேர்ந்த ஒரு பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "தளம் விழுந்துச்சுன்னா இதுல எந்தப் பக்கத்தை முதல்ல திறக்கணும் அண்ணா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இதே வேலையைச் செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

ஆவணக்காரி எழுதியது:

அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. அதையே ஆவணத்தின் முதல் வரியாக வையுங்கள்.

நான் பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரி ஆவணங்கள்தான் எழுதுகிறேன். ஒரு கருவியில் என்னென்ன இருக்கிறது என்று வரிசைப்படுத்துவது, அந்தக் கருவியைச் செய்தவர்கள் எழுத வேண்டிய ஆவணம். அதை அவர்கள் எழுதிவிட்டார்கள். நீங்கள் எழுத வேண்டியது, உங்கள் இடத்தில் ஒருவர் எந்தக் கேள்வியோடு வந்து நிற்பாரோ அங்கிருந்து தொடங்குவது. டெலீட் சர்டிஃபிகேட் என்றால் என்ன என்று ராத்திரியில் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். "பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டுது", "நேத்து வரைக்கும் வேற சான்றிதழ் இருந்துச்சு, இன்னைக்கு மாறியிருக்கு", "இதை நம்ம ஆள்தான் செஞ்சாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். இந்த மூன்றையும் தலைப்பாக்குங்கள். பதிவைப் படிக்கும் முறை ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே தானாக வந்து உட்காரும்.

இன்னொன்று. இங்கே நாம் எல்லாப் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பேசிக்கொள்கிறோம். ஆவணத்தில் அழைப்புப் பெயர்களை மூல எழுத்திலேயே விடுங்கள். தேடல் பெட்டியில் அப்படியே ஒட்டினால்தான் வேலை நடக்கும். விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

இரவுக்காவல் எழுதியது:

அக்கா சொன்ன முதல் கேள்வியிலேயே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நான் விழுந்து எழுந்த இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாடிக்கையாளர் தளம் முழுக்க சிவப்பு எச்சரிக்கை. ஆவணத்தில் "கிளவுட்டிரெயிலைப் பார்" என்று இருந்தது. பார்த்தேன். முந்தைய நாள் ஒன்றுமில்லை, முந்தைய வாரமும் ஒன்றுமில்லை. சான்றிதழைத் தொட்டதாக ஓர் அழைப்புகூட இல்லை. யாரோ பதிவையே அழித்துவிட்டார்கள் என்று நினைத்து, பாதுகாப்புக் குழுவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். சான்றிதழின் நாள் முடிந்துவிட்டது. நாள் முடிவது யாரும் செய்கிற காரியம் இல்லையே! கிளவுட்டிரெயில் ஒரு நாட்குறிப்பு மாதிரி. யாராவது ஏதாவது செய்தால் எழுதிக்கொள்ளும். செய்ய வேண்டியதை யாரும் செய்யாமல் விட்டால், எழுத அதற்கு ஒன்றும் கிடையாது.

ஏசிஎம் தானே புதுப்பித்திருக்க வேண்டிய சான்றிதழ்தான் அது. டொமைன் நம்முடையது என்று காட்ட டிஎன்எஸ்ஸில், அதாவது இணையப் பெயர்களின் முகவரிப் புத்தகத்தில், சிநேம் என்று ஒரு வரி போடுவோம் இல்லையா, அடிக்கோட்டில் தொடங்கி நீளமான எழுத்துக்குப்பை மாதிரி இருக்குமே, அது அங்கே இருக்கும் வரைதான் புதுப்பித்தல் தானாக நடக்கும். நாலைந்து மாதத்துக்கு முன்னால் ஒருவர் டிஎன்எஸ்ஸைச் சுத்தம் செய்தபோது, எதற்கென்று தெரியாத வரி என்று அதை எடுத்துவிட்டார். எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஆகவே ஆவணத்தில் இரண்டு கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நடந்ததற்குக் கிளவுட்டிரெயில். நடக்காமல் போனதற்கு, அளவுகளைக் கண்காணிக்கும் கிளவுட்வாட்ச், நிகழ்வு வந்தால் தகவல் அனுப்பும் ஈவன்ட்பிரிட்ஜ். கிளவுட்வாட்சில் டேஸ் டு எக்ஸ்பைரி என்றே ஓர் அளவு இருக்கிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று நாளைக்கு இரண்டு தடவை வரும். ஈவன்ட்பிரிட்ஜில், நாள் நெருங்குகிறது என்று ஒரு நிகழ்வு, முடிந்துவிட்டது என்று ஒன்று, புதுப்பிக்க நீங்கள் ஏதோ செய்தாக வேண்டும் என்று ஒன்று. இந்த மூன்றாவது எங்களிடம் ஒரு குழு முகவரிக்கு வந்திருந்தால் அந்த ஞாயிறு எனக்கு ஞாயிறாகவே போயிருக்கும்.

புதுக்கணக்கு எழுதியது:

நான் இந்தத் துறைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். தளம் விழுவதற்குப் பெரும்பாலும் நாள் முடிவதுதான் காரணம் என்றால், கிளவுட்டிரெயில் ஆவணம் எதற்கு? யாராவது தவறுதலாகச் சான்றிதழை நீக்கிவிட்டால் பிடிப்பதற்கா?

சாவிக்கொத்து எழுதியது:

புதுக்கணக்கு, பயன்பாட்டில் இருக்கும் சான்றிதழை ஏசிஎம் நீக்க விடாது. வருகிறவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரோ, தளத்தைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் கிளவுட்ஃபிரன்டோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், பயன்பாட்டில் உள்ளது என்று பிழை காட்டி மறுத்துவிடும். அதனால் "தளம் விழுந்தது, யார் நீக்கினார்" என்று தேடுவது பெரும்பாலும் வீண்.

தேட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. சான்றிதழை மாற்றிக் கட்டுவது ஏசிஎம்மின் வேலையே இல்லை. லோட் பேலன்சரில் அது மாடிஃபை லிசனர் என்ற அழைப்பு (லிசனர் என்பது இணைப்புகளை ஏற்கும் பகுதி), கிளவுட்ஃபிரன்டில் அப்டேட் டிஸ்ட்ரிபியூஷன். இவற்றில் நிகழ்வு மூலம் என்ற புலத்தில் ஏசிஎம்மின் பெயர் இருக்காது. ஏசிஎம் என்று மட்டும் வடிகட்டிப் பார்க்கிறவர் இதைக் காணவே மாட்டார். கோவை_ஆப்ஸ், உங்கள் 14 பக்கத்தில் இந்த இரண்டும் இருக்கின்றனவா?

பதிவைப் படிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு மாதிரி என்பதற்குப் பதில் ஒரே ஒரு மாதிரியை எடுத்து, வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். எங்கள் ஆவணத்தில் ஓர் இம்போர்ட் சர்டிஃபிகேட் பதிவை இப்படி எழுதியிருக்கிறோம்.

முதலில் நேரம். பதிவில் 2025 நவம்பர் 11, 21:14:07 என்று இருக்கிறது, கடைசியில் இசட் எழுத்து. அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் கணக்கில் நவம்பர் 12, விடியற்காலை 2:44. தேதியே மாறிவிட்டது பாருங்கள். 12ஆம் தேதி இரவு ஷிஃப்டில் யார் இருந்தார் என்று தேட வேண்டியவர் 11ஆம் தேதி மாலை ஷிஃப்ட் ஆளைப் போய்க் கேட்பார். எங்கள் இடத்தில் ஒருவர் செய்யாத காரியத்துக்கு இரண்டு நாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவணத்தில் இந்த வரியைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

அடுத்து யூசர் ஐடென்டிட்டி, அதாவது அழைத்தவர் யார் என்பது. வகை அஸ்யூம்டு ரோல் என்று இருந்தால், அங்கே தெரிவது ஒரு பொறுப்பின் பெயர். ஆள் யார் என்று அறிய ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ் ஒவ்வொன்றுக்கும் தரும் தனி அடையாளம்) வரியின் கடைசித் துண்டைப் பார்க்க வேண்டும், அதுதான் செஷன் பெயர். அது ஒழுங்காக ஆளுக்கு ஆள் வைக்கப்பட்டிருந்தால் பிழைத்தீர்கள். எல்லோரும் "அட்மின்" என்று வைத்துக்கொண்டால் பதிவு இருந்தும் பயனில்லை. இதை ஆவணம் எழுதுவதற்கு முன்னால் சரிசெய்துவிடுங்கள்.

பிறகு எந்த ஐபியிலிருந்து வந்தது. அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் கிளவுட்ஃபார்மேஷனின் முகவரி இருந்தால் பயப்பட வேண்டாம். நம் சார்பில் இன்னொரு சேவை கூப்பிட்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, வெற்றியா தோல்வியா. பதில் வரும் ரெஸ்பான்ஸ் எலிமென்ட்ஸ் என்ற இடத்தில் நல் (வெறுமை) என்று இருந்தால் தோல்வி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நீக்கும் அழைப்பு வெற்றி பெற்றாலும் அங்கே நல்தான் இருக்கும். தோல்வி என்றால் எரர் கோட் என்று தனியாக ஒரு வரி வரும். அது இல்லை என்றால் காரியம் நடந்துவிட்டது.

மதுரை_நெட் எழுதியது:

அருமையான விளக்கம். ரீஜனைப் பற்றி, அதாவது கிளவுட் சர்வர்கள் இருக்கும் வட்டாரத்தைப் பற்றி, ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் எல்லோரும் கன்சோலை மும்பை ரீஜனில்தான் திறந்து வைத்திருப்பார்கள். ஆனால் கிளவுட்ஃபிரன்டுக்கான சான்றிதழ் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில்தான் இருந்தாக வேண்டும். கிளவுட்டிரெயிலின் ஈவன்ட் ஹிஸ்டரி பக்கம் எந்த ரீஜனில் நிற்கிறோமோ அந்த ரீஜனின் கதையை மட்டும்தான் சொல்லும். அப்டேட் டிஸ்ட்ரிபியூஷன் அழைப்பும் வர்ஜீனியாவில்தான் பதிவாகும். ஒரு தடவை மும்பையிலேயே 40 நிமிடம் தேடிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு பக்கத்து இருக்கை நண்பர் வலது மேல் மூலையில் ரீஜனை மாற்றிவிட்டுக் காட்டினார். மூன்றே நிமிடம்.

உங்கள் ஆவணத்தில் எந்தத் தளம், எந்தச் சான்றிதழ், எந்த ரீஜன் என்று ஓர் அட்டவணை இருக்கட்டும். அதுதான் எல்லோரும் முதலில் திறக்கும் பக்கமாக இருக்கும்.

கோவை_ஆப்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சாவிக்கொத்து, உண்மையைச் சொல்கிறேன், மாடிஃபை லிசனர் என் 14 பக்கத்தில் எங்குமே இல்லை. ஏசிஎம் ஆவணத்தை மட்டும் வைத்து எழுதியதால் வந்த குறை. வரைவை ஓரமாக வைத்துவிட்டு ஆவணக்காரி அக்கா சொன்ன மூன்று கேள்விகளோடு மறுபடி தொடங்கிவிட்டேன்.

எழுதும்போது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, ஈவன்ட் ஹிஸ்டரியைத் திறந்து ஏசிஎம் என்று வடிகட்டினால் லிஸ்ட் சர்டிஃபிகேட்ஸ், டிஸ்க்ரைப் சர்டிஃபிகேட் என்று பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. கண்காணிப்புக் கருவி ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருக்கிறது. நமக்கு வேண்டியது அதில் மூழ்கிவிடுகிறது. இரண்டு, ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைத் தேடினால் கிடைக்கவில்லை.

சாவிக்கொத்து எழுதியது:

முதல் சிக்கலுக்கு: ஒவ்வொரு பதிவிலும் ரீட் ஒன்லி என்று ஒரு புலம் இருக்கிறது. அதை ஃபால்ஸ் என்று வைத்து வடிகட்டுங்கள். வெறுமனே பார்த்துவிட்டுப் போன அழைப்புகள் மறைந்து, எதையாவது மாற்றிய அழைப்புகள் மட்டும் நிற்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் கால வரம்பைத் தவிர ஒரே ஒரு வடிகட்டிதான் போட முடியும். ரீட் ஒன்லியும் போட்டு நிகழ்வின் பெயரும் போட முடியாது. இரண்டு பேர் என்னிடம் கருவி பழுது என்று புகார் சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஆவணத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் பெரியது. ஈவன்ட் ஹிஸ்டரியில் 90 நாள்தான் இருக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் நாமே ஒரு டிரெயில் (தொடர்ந்து லாக் சேர்க்கும் அமைப்பு) உருவாக்கி எஸ்3 பக்கெட்டில், அதாவது ஏடபிள்யூஎஸ் சேமிப்பிடத்தில், சேமிக்க வேண்டும். இந்தியாவில் இருக்கும் நிறுவனத்துக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு மீறலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 90க்கும் 180க்கும் நடுவில் இருக்கும் மூன்று மாதத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரெயில் போடும்போது எல்லா ரீஜனுக்கும் சேர்த்துப் போடுங்கள். மதுரை_நெட் சொன்ன வர்ஜீனியா சிக்கலும் தீரும். லாக் ஃபைல் வேலிடேஷன் என்ற பெட்டியையும் மறக்காமல் டிக் செய்யுங்கள். மணிக்கு ஒரு தடவை அந்த மணியில் வந்த லாக் கோப்புகளின் ஹாஷ்களை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எண்களை, சேர்த்து, கையொப்பமிட்டு, ஒரு டைஜஸ்ட் கோப்பு எழுதும். பின்னால் யாராவது ஒரு வரியைத் திருத்தினாலோ ஒரு கோப்பை எடுத்தாலோ காட்டிக்கொடுத்துவிடும். இரவுக்காவல் அந்த ஞாயிறு சந்தேகப்பட்டாரே, பதிவை அழித்துவிட்டார்களோ என்று, அந்தச் சந்தேகத்தை ஒரே கட்டளையில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆவணக்காரி எழுதியது:

சொற்களைப் பற்றி ஒன்று. தமிழில் எழுதும்போது வழுக்கும் இடம் இதுதான்.

"நீக்கம்", "ரத்து" இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஏசிஎம்மில் டெலீட் செய்தால் சான்றிதழ் நம் கணக்கிலிருந்து போகும், அவ்வளவுதான். அது செல்லாததாகிவிடாது. ரத்து என்பது வழங்கியவர் "இனி இதை நம்பாதீர்கள்" என்று அறிவிப்பது. சான்றிதழின் ரகசியச் சாவி வெளியே போய்விட்டது என்று ஒருவர் பதறி டெலீட் அழுத்திவிட்டு, எல்லாம் முடிந்தது என்று தூங்கப் போகக் கூடாது.

"பதிவு" என்ற சொல்லும் ஆபத்தானது. டொமைன் பதிவு, டிஎன்எஸ் பதிவு, லாக் பதிவு என்று எல்லாமே பதிவு. எங்கள் ஆவணங்களில் டிஎன்எஸ்ஸுக்கு "டிஎன்எஸ் வரி", லாக்குக்கு "லாக்" என்றே எழுதுகிறோம். அழகு கொஞ்சம் குறையலாம், குழப்பம் வராது. சர்டிஃபிகேட்டுக்குச் சான்றிதழ் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும், அது இருக்கட்டும்.

மதுரை_நெட் எழுதியது:

அக்கா, அந்தப் பட்டியலில் "புதுப்பித்தல்" என்ற சொல்லையும் சேருங்கள். அதில்தான் நாங்கள் ஒரு முழு நாளை இழந்தோம்.

வெளியே வாங்கி ஏசிஎம்மில் ஏற்றிய சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படாது. புதிதாக வாங்கி நாமே ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும்போது பழைய சான்றிதழின் ஏஆர்என்னைக் கொடுத்தால், அதே இடத்தில் புதியது போய் உட்காரும். லோட் பேலன்சர் தானாக எடுத்துக்கொள்ளும். கொடுக்காமல் ஏற்றினால் புதிதாக இன்னொரு ஏஆர்என் உருவாகும். லோட் பேலன்சர் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் நண்பர் இரண்டாவது மாதிரி ஏற்றிவிட்டார். லாக்கில் இம்போர்ட் சர்டிஃபிகேட், பிழை எதுவும் இல்லை. டிக்கெட்டில் "புதுப்பிக்கப்பட்டது" என்று எழுதி மூடினோம். பன்னிரண்டு நாள் கழித்துப் பழையது காலாவதி ஆனது. எல்லோரும் லாக்கைக் காட்டி "புதுப்பித்துவிட்டோமே" என்கிறோம்!

வித்தியாசம் லாக்கிலேயே இருந்தது. ரிக்வெஸ்ட் பாராமீட்டர்ஸ் பகுதியில் ஏஆர்என் இருந்தால் பழைய இடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே இல்லாமல் ரெஸ்பான்ஸ் எலிமென்ட்ஸில் மட்டும் இருந்தால் புதிய இடம். ஆவணத்தில் இந்த இரண்டு லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தாலும் தகும்.

அதோடு, எதை முடித்தாலும் கடைசியில் வெளியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியை வைத்துத் தளத்தைக் கூப்பிட்டு, அது காட்டும் வரிசை எண்ணையும் முடிவு தேதியையும் டிக்கெட்டில் ஒட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் டிக்கெட்டை மூடக் கூடாது.

பழைய_சர்வர் எழுதியது:

எல்லாம் படித்தேன். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. இவ்வளவு உழைப்பை ஆவணத்தில் போடுவதைவிட, எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட்டால் ஆளும் வேண்டாம், ஆவணமும் வேண்டாம். சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டது. 398 நாளாக இருந்த சான்றிதழின் அதிகபட்ச ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் ஏற்றுவது இனி நடக்காத காரியம். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் கூட 2025 ஜூனில் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை நிறுத்திவிட்டது. தானியங்கியாக்குங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

இரவுக்காவல் எழுதியது:

அண்ணே, தானியங்கியாக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ஆவணம் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஞாயிறு சம்பவமே தானியங்கிப் புதுப்பித்தலில் நடந்ததுதான். மனிதர் செய்கிற வேலை நின்றுபோனால் அந்த மனிதருக்குத் தெரியும். தானாக நடக்கிறது என்று நம்பிய வேலை நின்றால், அது நின்றதே யாருக்கும் தெரியாது. 40 சான்றிதழ் வைத்திருப்பவர் 398 நாள் ஆயுள் இருந்தபோது வருடத்துக்கு ஏறக்குறைய 40 தடவை மாற்றினார். 47 நாள் ஆயுள் என்றால் 300 தடவைக்கு மேல். அதில் ஒன்று தவறினாலும் எந்த ஒன்று என்று கண்டுபிடிக்க அந்த லாக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஷிஃப்டில் இருந்தாக வேண்டும்.

பழைய_சர்வர் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். 300 என்ற கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. அப்படியானால் ஆவணத்தில், தானியங்கி எந்த ரோலில் ஓடுகிறது, அது வழக்கமாக எந்தெந்த அழைப்பை எந்த வரிசையில் செய்யும் என்று ஒரு பத்தி இருக்கட்டும். வழக்கம் தெரிந்தால்தான் வழக்கம் மாறியது கண்ணில் படும். எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் என்ற அழைப்புக்குத் தனியாக ஈவன்ட்பிரிட்ஜில் ஒரு விதி போட்டு உடனே தகவல் வரச் செய்யுங்கள். சாவி கிளவுடை விட்டு வெளியே போகும் அழைப்பு அது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாதது.

சாவிக்கொத்து எழுதியது:

நல்ல யோசனை. "இதை நம்ம ஆள்தான் செஞ்சாரா?" என்ற மூன்றாவது கேள்வியில் இன்னும் ஒரு பாதி மிச்சம் இருக்கிறது. நம் ஆள் இல்லை என்றால்?

கிளவுட்டிரெயில் நம் கணக்குக்குள் நடப்பதை மட்டும் பார்க்கும். நம் டொமைன் பெயரில் வேறு எங்கோ, வேறு ஒரு சான்றளிப்பு நிறுவனத்தில் யாராவது சான்றிதழ் வாங்கினால் அதற்குத் தெரியாது. இது வெறும் கற்பனை இல்லை. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவி கூகுள் உட்படப் பல பெயர்களில் போலிச் சான்றிதழ்கள் எடுத்தார்கள். ஈரானில் இருந்த ஜிமெயில் பயனர்களை ஒட்டுக்கேட்க அவை பயன்பட்டன. அந்த நிறுவனம் அதே வருடம் திவாலானது. நம் நாட்டிலும் 2014 ஜூலையில், தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வந்திருப்பதைக் கூகுள் கண்டுபிடித்து அறிவித்தது.

இதற்காகத்தான் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி லாக்குகள் வந்தன. பொது நம்பிக்கை பெற்ற சான்றிதழ்கள் இப்போது அதில் ஏறிவிடுகின்றன, யார் வேண்டுமானாலும் தேடலாம். உங்கள் டொமைன் பெயரை வாரம் ஒரு தடவை அங்கே தேடி, வருகிற வரிசை எண்கள் எல்லாம் உங்கள் அட்டவணையில் இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்க்கச் சொல்லி ஒரு பத்தி எழுதுங்கள். நாம் வாங்குவதும் அதே லாக்கில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், வெளியே சொல்லாத திட்டத்தின் பெயரைச் சான்றிதழின் டொமைனில் வைக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

புதுக்கணக்கு எழுதியது:

படிக்கப் படிக்க நிறையத் தெரிந்துகொண்டேன். ஒரு சின்னக் கேள்வி. இந்த ஆவணத்தை எங்கே வைப்பீர்கள்? எங்கள் ஆவணங்கள் எல்லாம் உள் விக்கியில் இருக்கின்றன. அந்த விக்கிக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறதே?

ஆவணக்காரி எழுதியது:

தம்பி, இவ்வளவு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானாகவும் யோசித்ததில்லை.

நீங்கள் சொல்வது சரி. விக்கியின் சான்றிதழும் துணைத்தளங்களுக்கெல்லாம் பொதுவான அதே ஒயில்ட்கார்டாக இருந்தால், தளம் விழும் அதே நொடியில் ஆவணமும் எட்டாமல் போகும். பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கும் ஹெச்எஸ்டிஎஸ் போட்டிருந்தால் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகக்கூட பிரவுசர் விடாது. கோவை_ஆப்ஸ், இன்னொரு பிரதி கட்டாயம் வெளியே இருக்கட்டும்.

கோவை_ஆப்ஸ் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆவணம் முடிந்தது.

14 பக்கம் இப்போது ஐந்து பக்கம். முதல் பக்கம் மதுரை_நெட் சொன்ன அட்டவணை: தளம், ஏஆர்என், ரீஜன், தானாகப் புதுப்பிக்கப்படுவதா கையால் ஏற்றியதா, யாருடைய பொறுப்பு. இதை நிரப்பும்போதே, யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாத இரண்டு சான்றிதழ்கள் கிடைத்தன. அதில் ஒன்றுக்கு மிச்சம் 19 நாள்தான் இருந்தது. அடுத்த இரண்டு பக்கங்களில் மூன்று கேள்விகள். நான்காவது பக்கம் ஒரே ஓர் இம்போர்ட் லாக், வரி வரியாக, யூடிசி வரியைக் கட்டம் கட்டி, பக்கத்தில் ஏஆர்என் இல்லாத அதன் இரட்டை. ஐந்தாவதில் டிரெயிலைத் திறப்பது, டைஜஸ்ட் சரிபார்ப்பது, டிரான்ஸ்பரன்சி லாக் தேடுவது.

போன வியாழக்கிழமை சோதனைச் சூழலில் ஒரு லிசனரில் வேண்டுமென்றே தவறான சான்றிதழைக் கட்டிவிட்டு, முதலில் அந்தக் கேள்வி கேட்ட அதே பெண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆவணத்தை மட்டும் கொடுத்தேன். முதலில் வெளியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வரிசை எண்ணைப் பார்த்தார். அட்டவணையோடு ஒத்துப்பார்த்தார். ரீஜனை மாற்றினார். மாடிஃபை லிசனரைத் தேடி எடுத்து, நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி ஒரு தாளில் எழுதினார். "இது நீங்கதானே அண்ணா, 11:20க்கு?" என்றார். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஒரே இடத்தில் மட்டும் தடுமாறினார். செஷன் பெயர் எந்தத் துண்டு என்று நான் எழுதியிருந்த வாக்கியம் அவருக்குப் புரியவில்லை. அந்த வாக்கியத்தை அவரையே எழுதச் சொல்லி மாற்றிவிட்டேன்.

புதுக்கணக்கு, ஐந்து பக்கத்தையும் அச்செடுத்து லேமினேட் செய்து இரவு ஷிஃப்ட் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறோம். அட்டவணை மாறினால் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றும்படி வளையத்தில் கோத்திருக்கிறோம்.